பன்னிரண்டு கதவுக்கு எத்தனை ரேடியோ

ஒரு விடுகதை போடுகிறேன், கேளுங்கள். வீட்டுக்குள்ளே ஒருவன் இருக்கிறான். உலகத்துச் சேதியெல்லாம் ஓயாமல் சொல்வான். பாடுவான், மழை வரும் என்பான், அரிசி வரும் என்பான். எதிரே உட்கார்ந்து நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் அவன் காதில் விழாது. அவன் யார்? விடை தெரிந்துவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். அங்கமுத்துவும் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் இந்த விடுகதையைத் தம்பி மகள் யோகமணிக்குப் போட்டான். அப்போது அவளுக்கு ஏழு வயது. அடுப்புக்கு எதிரே குந்தியிருந்து ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டபடி அவள் வேறொரு விடை சொன்னாள். அங்கமுத்து வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் பெண்சாதி காத்தாயி சிரிக்கவில்லை. நாலு வருஷம் கழித்து, பனி இறங்கிய ஒரு மார்கழிக் காலையில், இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் சரிவில் கவ்வாத்துக் கத்தியோடு நின்றுகொண்டு, அந்த விடை என்ன என்று நினைத்துப் பார்க்க அங்கமுத்துவுக்குத் தைரியம் வரவில்லை. நினைப்பு அந்த இடம் வரைக்கும் போகும். சுடுசட்டியைத் தொட்ட விரல் மாதிரி உடனே திரும்பிவிடும்.

கவ்வாத்து என்றால், வளர்ந்து முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக வெட்டிவிடுகிற வேலை. ஆளுக்கொரு நிரை. கத்தியை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். மழைத் தண்ணீர் தங்காமல் வழிகிற மாதிரி வெட்டு வாய் சாய்ந்திருக்க வேண்டும். தண்டு பிளந்தால் அந்தப் பிளவுக்குள் ஈரம் போய்ச் செடி அழுகும். அங்கமுத்து வெட்டிய செடி எதுவும் பிளந்தது என்று யாரும் சொன்னதில்லை. நிரையை முடித்து முதல் ஆளாக மலை இறங்குகிறவனும் அவன்தான். இன்றைக்கு மற்றவர்கள் அவனைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தார்கள். அவன் ஒவ்வொரு செடியின் முன்னாலும் நின்றான், தண்டில் ஒட்டியிருந்த பாசியை விரலால் சுரண்டினான், ஒரு வெட்டு வெட்டினான், வெட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தான். நிரை முடிந்தால் இறங்க வேண்டும். இறங்கினால் லயத்துக்கு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற ஒரே கூரை வீடுகளுக்கு, போக வேண்டும். லயத்தில் யோகமணி காத்திருப்பாள், போகிறேன் என்றோ இருக்கிறேன் என்றோ சொல்வதற்காக. நேற்றுச் சாயந்தரம் அண்ணனும் தம்பியும் பேசி அப்படித்தான் முடிவு செய்தார்கள். தம்பி வேலாண்டிக்கும் அவன் குடும்பத்துக்கும் இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமைக் கோச்சியில், அதாவது ரயிலில், ஏறித் தலைமன்னார் போய் அங்கிருந்து கப்பல். பாஸ்போர்ட்டில் யோகமணி பெயரும் இருக்கிறது. ஆனால் யோகமணி நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்தது பெரியப்பனின் ஒற்றையறைக் காம்பராவில். அவளைப் பெற்ற செல்லக்கண்ணு நெஞ்சு நோய் கண்டு பெரியாஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தபோது பிள்ளையைத் தூக்கி இங்கே கொண்டுவந்து போட்டார்கள். அவள் குணமாகி வந்த பிறகும் பிள்ளை திரும்பிப் போகவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை, யாரும் தடுக்கவுமில்லை. மூன்று கதவு தள்ளித்தானே இருக்கிறார்கள். அங்கே சாப்பிடுவாள், இங்கே தூங்குவாள், அங்கே தம்பிமாரோடு அடித்துக்கொள்வாள், இங்கே வந்து அழுவாள். பிள்ளை யாருடையது என்று கேட்கிற தேவையே வரவில்லை. இப்போது அந்த மூன்று கதவுக்கு நடுவில் கடல் வரப்போகிறது.

அவளையே கேட்டுவிடலாம் என்று சொன்னது வேலாண்டிதான். பொல்லாப்பு இல்லாத மனுசன். "பதினோரு வயசு ஆச்சு அண்ணே, அதுக்கு வாய் இருக்கு, சொல்லட்டும்." அங்கமுத்து சரி என்று தலையாட்டிவிட்டான். ஆட்டிய பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று யோசித்தான். இரவு காத்தாயி ஒன்றே ஒன்று சொன்னாள். "அது சொல்றத ஒத்துக்கிறதா இருந்தா கேளுங்க. இல்லாட்டி கேக்காதீங்க." பிறகு படங்குச் சாக்கை இழுத்துப் போர்த்திச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவர். அந்தச் சுவரில்தான் கோடுகள் இருந்தன. அங்கமுத்துவின் கத்தி ஒரு கணம் நின்றது. கோடுகளைத்தான் அவள் பார்ப்பாள், வேறு எதைப் பார்ப்பாள்? எண்ணிப் பார்த்து முடிவு செய்கிற பிள்ளை. அப்படி வளர்த்தது யார்? கத்தி மறுபடி அசைந்தது, ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு. கீழே பனிக்குள் லயத்தின் தகரக் கூரை கறுப்பாகத் தெரிந்தது, மறைந்தது. அடுப்புப் புகை எந்தக் கதவிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கோடுகளின் கதை யோகமணி பிறந்த வருஷத்தில் தொடங்கியது. இந்தியா, இலங்கை ரெண்டு நாட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி, பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்களை உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்ட காலம். எந்த நாட்டுக்கு மனுப் போடுவது என்று லயத்துக்கு லயம் சண்டை. ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள் முகம் பார்க்காமல் போனார்கள். வேலாண்டி இந்தியா என்றான், பெண்சாதியின் ஆட்கள் துறையூர்ப் பக்கம் இருக்கிறார்கள், போனால் கால் வைக்க ஒரு இடம் கிடைக்கும் என்றான். அங்கமுத்து இலங்கை என்றான். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சொன்ன பதில் ஒன்றுதான். அவனிடம் ஒரு ரேடியோ இருந்தது. தேயிலை ஸ்டோரில் வேலை செய்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப் போனது, அந்தப் பன்னிரண்டு கதவு லயத்துக்கே முதல் ரேடியோ. சாயந்தரமானால் கதவுக்கு வெளியே வைப்பான், ஆட்கள் கூடிவிடுவார்கள், கங்காணிகூட வந்து நிற்பார். "இங்க ஒரு லயத்துக்கு ஒரு ரேடியோ. அங்க ஒரு ஊருக்கே ஒண்ணுதானாம், அதுவும் பஞ்சாயத்து ஆபீசில பூட்டி வச்சிருக்கானாம். எந்த நாடு பெருசுன்னு நீங்களே சொல்லுங்க." யாரும் எதிர்த்துச் சொல்லவில்லை. சொன்னாலும் அவன் காதில் விழுந்திருக்காது, ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. இந்தியா போகிறவர்களை ஊரே ஒப்பாரி வைத்து வழியனுப்புகிற இடத்தில், அங்கமுத்து மட்டும் நகர்கிற கோச்சியோடு ஓடியபடி சன்னலைப் பிடித்துக்கொண்டு, போன இடத்தில் எத்தனை வீட்டில் ரேடியோ இருக்கிறது என்று மறக்காமல் எழுது என்பான். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். எழுதவும் செய்தார்கள். பாவம், வேறு என்ன எழுதுவது என்று தெரியாதவர்கள் அதை எழுதினார்கள். வந்த எண்ணிக்கையை ஒவ்வொரு தீபாவளிக்கும் சுவருக்கு வெள்ளையடித்த மறுநாள் கரித்துண்டால் கோடு போட்டு வைப்பான். கதவுக்கு இந்தப் பக்கம் இலங்கை, அந்தப் பக்கம் இந்தியா. நிற்கப் பழகிய நாளிலிருந்து யோகமணி அந்தக் கோடுகளுக்கு நடுவில்தான் நின்றாள். இங்கே ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, சின்ன ரேடியோக்கள் வந்த காலத்தில் ஏழாயிற்று. பன்னிரண்டு கதவில் ஏழு. அந்தத் தீபாவளிக்கு அங்கமுத்து அந்த ஏழு கோட்டையும் கட்டை விரல் தடிமனுக்குப் போட்டான். அந்தப் பக்கம் அதே ஒன்று.

"என்னா அங்கமுத்து, செடிக்கு மொட்ட அடிக்கிறியா, சட பின்னி வுடுறியா?" மேலே தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்திலிருந்து கங்காணி பரமசிவம் கேட்டார். இரண்டு நிரை தள்ளி நின்றவன் பூவும் வச்சு விடுவாரு என்றான். அங்கமுத்துவும் சிரித்து வைத்தான். சிரித்த வாய் காய்ந்திருந்தது, உதடு பல்லில் ஒட்டியது. காலில் ஏதோ ஈரமாக ஓடியது. குனிந்து பார்த்தால் அட்டை, நன்றாகக் குடித்து உருண்டு தொங்கியது. எப்போது ஏறியதென்று தெரியவில்லை. பிடுங்கிப் போட்டான். ரத்தம் நிற்காமல் வழிந்தது, வழியட்டும் என்று விட்டான். கட்டை விரல் தடிமன் கோடு. அதைப் பார்த்துத்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள், எட்டு வயதிருக்கும். அங்க அந்த ஊர்ல எத்தன வீடு பெரியப்பா? அவன் இருநூறு இருக்கும் என்றான். இங்க பன்னெண்டு கதவுதானே, அப்ப அங்கயும் பன்னெண்டு வீட்டுக்கு எத்தனைன்னு பாத்தாத்தானே சரி? இருநூறு வீட்டுக்கு ஒண்ணுன்னா பன்னெண்டு வீட்டுக்கு ஒரு கோடுகூட வராதே. கரித்துண்டை அவன் கையிலிருந்து வாங்கி, அந்தப் பக்கம் இருந்த கோட்டை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். எறும்பு மாதிரி ஒரு புள்ளி. அங்கமுத்து அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு லயம் முழுக்கச் சுற்றி வந்தான். இந்தியா ஒரு புள்ளி, என் மக கண்டுபிடிச்சிட்டா என்று கதவுக்குக் கதவு சொன்னான். என் மக என்றுதான் சொன்னான். வேலாண்டி தன் கதவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் எப்படி இருந்தது? இப்போது நினைத்துப் பார்த்தால் முகமே நினைவுக்கு வரவில்லை, தோளில் இருந்த பிள்ளையின் குதிகால் மட்டும் நெஞ்சில் இடித்தது நினைவிருக்கிறது.

அப்போது சத்தம் கேட்டது. கீழே, பனிக்குள், மெல்லிசாக ஒரு வாத்தியம். பிறகு ஒரு ஆள் குரல். அங்கமுத்து கத்தியைக் கீழே தொங்கவிட்டு நிமிர்ந்தான். அது அவனுடைய ரேடியோ. கரகரப்பில் தெரியும், வலது பக்கம் நசுங்கிய அதன் மூக்கடைப்புச் சத்தம் வேறு எதற்கும் கிடையாது. ஆனால் அது பேசி எத்தனையோ நாளாயிற்று. கடையில் பேட்டரி இல்லை, வந்தாலும் வாங்கக் கட்டாது. பழைய பேட்டரிகளை யோகமணி வெயில் வந்தால் வெயிலில் காய வைப்பாள், வெயில் இல்லாவிட்டால் அடுப்பு ஓரத்தில் வரிசையாக அடுக்கி ரொட்டி திருப்புகிற மாதிரி திருப்பித் திருப்பிப் போடுவாள். சூடு ஏறினால் கொஞ்ச நேரம் உயிர் வரும். இன்றைக்கு ஏன் உயிர் கொடுத்தாள்? இன்றைக்கு, இந்தக் காலையில்? நேற்று அவனே வேலாண்டியிடம் சொல்லியிருந்தான், பிள்ளை போவதானால் ரேடியோவையும் எடுத்துப் போகட்டும் என்று. சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும். எடுத்துப் போகிற பொருள் வேலை செய்கிறதா என்று பார்க்கிறாள். ஆமாம், அப்படித்தான், எண்ணிப் பார்க்கிற பிள்ளை, பழுதானதைச் சுமந்துகொண்டு போகுமா? குரல் பேசிக்கொண்டே இருந்தது, வார்த்தை புரியவில்லை. பிறகு இழுபட்டு, தேய்ந்து, நின்றது. நின்றதும் இன்னும் பயமாயிற்று. பேட்டரி செத்ததா? நிறுத்திப் பெட்டிக்குள் வைத்துவிட்டாளா? துணியில் சுற்றுகிறாளா? எந்தத் துணியில்? காத்தாயியின் பழைய சேலைதான் இருக்கிறது, அதில் சுற்றினால் துறைமுகத்தில் பிரித்துப் பார்ப்பார்களே, லைசன்ஸ் ரசீது கேட்பார்களே, இல்லாவிட்டால் பிடுங்கிக்கொள்வார்களாமே. பிள்ளை அழுவாளே. தனக்கே சிரிப்பு வந்தது. இன்னும் போகாத பிள்ளை, துறைமுகத்தில் நின்று அழுகிறாள். ஆனால் அழுகையை அவன் காதால் கேட்டான்.

சிரிப்போடு இழுத்த இழுப்பில் தண்டு பிளந்தது. சின்னச் சத்தம், குச்சி ஒடிகிற மாதிரி. செடி நடுவில் பிளந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அங்கமுத்து சுற்றுமுற்றும் பார்த்தான். பரமசிவம் மேலே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்து, பிளவை அழுத்திச் சேர்த்துக் கட்டினான், ஈர மண்ணை அள்ளி மேலே அப்பினான். ஒட்டுமா? ஒட்டாது என்று அவனுக்குத் தெரியும், ஆனால் அடுத்த மழை வரைக்கும் யாருக்கும் தெரியாது. எழுந்து நின்றபோது அந்தச் செடி மட்டும் காயத்துக்குக் கட்டுப் போட்ட ஆள் மாதிரி நின்றது. ஏழு கோடு எப்போது உடைந்தது? யோசித்தான். மாவுக்கும் சீனிக்கும் வரிசை நிற்கத் தொடங்கியபோது. ரேஷன் மாவு பாதியாயிற்று, தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கிற நாள் குறைந்தது. ஒரு வீட்டு ரேடியோ டவுன் கடைக்குப் போய் மாவாகத் திரும்பி வந்தது. பிறகு இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. மூன்றாவது வீட்டில் அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது, அந்த வீட்டுக்காரி ரேடியோவுக்குத் திருநீறு பூசி அனுப்பினாள். மிச்சம் நாலு. அந்த நாலில் மூன்று பேட்டரி இல்லாமல் ஊமை. அந்தத் தீபாவளிக்குச் சுண்ணாம்பும் கிடைக்கவில்லை, சுவர் வெள்ளையடிக்காமல் கிடந்தது. பழைய தடித்த ஏழு கோடும் அப்படியே நிற்க, பக்கத்தில் புதுக் கோடு போட வேண்டியதாயிற்று. யோகமணி கரித்துண்டோடு நின்று கேட்டாள், பேசாத ரேடியோவை எண்ணுவதா வேண்டாமா? எண்ணு என்று அவன் அதட்டினான். இருக்கிறதல்லவா, வீட்டில் இருக்கிறதல்லவா, எண்ணு. அவள் எண்ணினாள், ஆனால் பேசாத மூன்றுக்கும் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டாள், பேசுகிறதற்கு மட்டும் நேர்க்கோடு. அந்தப் பக்கம் எறும்புப் புள்ளி வளர்ந்துவிட்டிருந்தது. முதலில் அரைக் கோடாயிற்று. பிறகு ஒரு கோடு. கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கிறார்களாம், டீக்கடையில் வைத்திருக்கிறார்களாம், வயலுக்கு எடுத்துப் போகிறார்களாம். கடைசியாக எழுதியவன் தன் தெருவில் பன்னிரண்டு வீட்டை அவனாகவே எண்ணி எழுதியிருந்தான், யோகமணி கேட்டுவிட்டதால். மூன்று. மூன்று நேர்க்கோடு. இந்தப் பக்கம் ஒன்று. அவள் கோடு போட்டு முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள். அவன்தான் பேசினான், அங்கே வெயில், அங்கே தண்ணீர் இல்லை, முகாமில் கூடாரத்தில் கிடக்கிறார்கள் என்று நெடுநேரம் பேசினான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாளா? அவள் என்ன நினைத்தாள் என்று கேட்டானா? நினைப்பு மறுபடி அந்த விடுகதையின் பக்கம் நகர்ந்தது. அங்கமுத்து சட்டென்று குனிந்து அடுத்த செடியைப் பிடித்தான்.

அவளுக்குச் சொல்ல வேண்டியதை அவன் காலையிலேயே கோர்த்து வைத்திருந்தான். போகாதே என்பதற்கான பேச்சு. பெரியம்மாவுக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று தொடங்கி, வெயிலைச் சொல்லி, முகாமைச் சொல்லி, உன் தம்பிமார் ஆம்பிளைப் பிள்ளைகள், அவர்கள் இருக்கிறார்களே உன் அம்மாவுக்கு என்று முடிகிற பேச்சு. செடிக்குச் செடி அதைச் சொல்லிப் பார்த்தான். நன்றாகத்தான் வந்தது. அவள் வாய் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டால் போதும், அவள் இளகிவிடுவாள். அவள் இளகுகிற பிள்ளைதான், தனக்குக் கொடுத்த ரொட்டியில் பாதியை நாய்க்கு மறைத்துக் கொண்டுபோகிறவள். பரமசிவம் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். கட்டுப் போட்ட செடியைத் தாண்டி வந்தார், பார்க்கவில்லை. பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் முந்தாநாள் போலீஸ் ஜீப் வந்ததாம். பாஸ்போர்ட் வந்தும் போகாமல் தங்கிவிட்டவர்களைத் தேடி. மாமன் வீட்டில் தங்கியிருந்த ஒரு குமரிப் பிள்ளை, தாய் தகப்பன் போன வருஷமே போய்விட்டார்கள், அதுவும் போயிருக்க வேண்டிய பேராம். மலை ஊற்று விழுகிற பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததாம். "குடத்த கீழ வைக்கக்கூட வுடலியாம்பா. நின்ன துணியோட ஏத்திக்கிட்டுப் போய்ட்டானாம். மாமங்காரன் பின்னாலயே ஓடியிருக்கான், எந்த ஊர் டேசன்னுகூடச் சொல்லலியாம்." அங்கமுத்து கத்தியைத் துடைத்துக்கொண்டே நின்றான். சுத்தமாகத்தான் இருந்தது, மறுபடியும் துடைத்தான். பரமசிவம் வேறு ஏதோ சொன்னார், தலையாட்டினான். அவர் போய்விட்டார்.

குடம். பித்தளைக் குடமா மண் குடமா? எதற்காக இதைக் கேட்கிறோம் என்று அவனுக்கே புரியவில்லை, ஆனால் அது தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. யோகமணி தூக்குவது தகரக் குடம். விளிம்பு நெளிந்தது. கீழே போட்டால் சத்தம் லயம் வரைக்கும் கேட்கும். பிறகு சத்தம் நின்றுவிடும். பிறகு தண்ணீர் மட்டும் பீலியில் கொட்டிக்கொண்டிருக்கும். அவள் பேர் வேலாண்டியின் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. அங்கே இருக்கிற பேர் இங்கே கிடையாது. அங்கமுத்து இலங்கைக்குப் போட்ட மனுவுக்கோ இன்னும் ஒரு பதிலும் இல்லை, பிள்ளை பிறந்த வருஷத்தில் போட்டது, பிள்ளை வளர்ந்துவிட்டது, மனு வளரவில்லை. அவனே இந்த நாட்டின் ஆளா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. அவளை எந்தக் கணக்கில் வைத்துக்கொள்வான்? வெள்ளிக்கிழமைக் கோச்சி போன பிறகு அவள் எந்தப் பக்கத்துக் கோடு? புள்ளிக் கோடு. காலையிலிருந்து தான் பயந்துகொண்டிருந்தது எதற்கு? அவள் போய்விடுவாள் என்று. முட்டாள், முட்டாள். அவள் போனால் காம்பரா காலியாகும், காத்தாயி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடப்பாள், அவ்வளவுதான், பிள்ளை எங்கோ ஒரு தெருவில் பேர் உள்ள பிள்ளையாக இருப்பாள். இருந்தால்? இருந்தால் ஒவ்வொரு நாளும் பீலிக்குப் போவாள். ஒவ்வொரு நாளும் அவன் மலையில் நின்றுகொண்டு குடத்துச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பான். குமரியாவாள். ஜீப் என்றைக்கு வரும் என்று யார் சொல்வார்கள்? ரேடியோ சொல்லாது. ரேடியோ அரிசி வருகிறது என்று சொல்லும். மீதிச் செடிகளை அவன் எப்படி வெட்டினான் என்று தெரியவில்லை. கை தானாகப் போயிற்று. காலையில் கோர்த்த பேச்சை உருவி எறிந்துவிட்டு இன்னொன்றைக் கோர்த்தான். போ. போய்விடு. அம்மாவுக்கு இன்னும் இருமல் இருக்கிறது, தம்பிமார் சின்னப் பிள்ளைகள், நீதான் மூத்தவள். அங்கே மூன்று ரேடியோ, இங்கே ஒன்று, நீயே எண்ணியதுதானே? அவன் வைத்த அளவுகோல்தான், இன்றைக்காவது உதவட்டும். கண்ணைப் பார்க்காமல், ஒரே இழுப்பில், பிளக்காமல் சொல்லிவிட வேண்டும். நிரை முடிந்தது.

மலை இறங்கினான். பனி விலகவில்லை. பீலியைத் தாண்டிப் போனான், அங்கே யாரும் இல்லை, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அவன் நிற்காமல் நடந்தான். லயத்தில் வேலாண்டியின் கதவுக்கு வெளியே தகரப் பெட்டி கயிறு கட்டி வைத்திருந்தது. கட்டி முடித்தாயிற்று. அதற்குள் என்ன இருக்கிறது என்று கயிற்றின் இறுக்கத்தைப் பார்த்து ஊகிக்கப் பார்த்தான். வேலாண்டி எழுந்து, வாங்கண்ணே என்றான், உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினான். செல்லக்கண்ணு ஏற்கனவே அங்கமுத்துவின் காம்பராவில், கதவோரம், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காத்தாயி கொழுந்துக் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றாள். அடுப்புக்கு எதிரே யோகமணி குந்தியிருந்தாள். அடுப்பு ஓரத்தில் நாலு பேட்டரியும் வரிசையாக இருந்தன. அவள் ஒன்றைத் திருப்பிப் போட்டாள். ரேடியோ பலகையில் அதன் இடத்திலேயே இருந்தது, துணியில் சுற்றவில்லை. அப்படியானால்? அப்படியானாலும் ஒன்றும் தெரியவில்லை. அங்கமுத்து வாயைத் திறந்தான். போ என்கிற பேச்சு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏழு வயதில் விடுகதை கேட்டபோது பார்த்த அதே பார்வை, சாந்தமாக, பெரியப்பா இப்போது பேசத் தொடங்குவார், பேசி முடிக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்த பார்வை. காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்த விடை அப்போது தானாக வந்து நின்றது. பேசிக்கொண்டே இருப்பான், சொன்னால் காதில் விழாது, அவன் யார்? "நீங்கதான் பெரியப்பா." அன்றைக்கு ரொட்டியை மென்றுகொண்டே சொன்னாள். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

வாயை மூடிக்கொண்டான். கத்தியை மூலையில் சாத்தினான், அவளுக்கு எதிரே, தரையில், அவள் உயரத்துக்கு உட்கார்ந்தான். நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கினான். "நீ சொல்லும்மா" என்றான். "நான் கேக்குறேன்." பனிக்குள், தோட்டத்து ரோட்டில், ஏதோ ஒரு வண்டி மேலே ஏறி வருகிற சத்தம் கேட்டது. கொழுந்து லொறியாக இருக்கலாம். லொறிச் சத்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும், தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவான். இன்றைக்குச் சொல்ல முடியவில்லை. யோகமணி சுவரைப் பார்க்கவில்லை. கடைசிப் பேட்டரியைத் திருப்பிப் போட்டுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, இங்கேயே இருப்பதாகச் சொன்னாள்.